வலிமை எங்கே தொடங்குகிறது? – பொறிஞர் பென்ட்லியின் வாழ்வு

பூமிக்கு மேலே வாழ்பவர்களுக்குக் காற்று இலவசம். பூமிக்கு அடியில் உழைப்பவர்களுக்கோ அது விலை கொடுத்து வாங்கிய பொருள். இவ்வுண்மையை எனக்குப் பாடநூல் கற்பிக்கவில்லை. என் தாத்தா கற்பித்தார். கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் என்னும் பகுதியில் பிறந்து வளர்ந்தவன் நான். வட ஆர்க்காட்டு மண்ணில் மழை பொய்த்தபோது, மூட்டை முடிச்சுகளோடு மைசூர்ச் சீமைக்கு வந்து சுரங்கத்தில் இறங்கிய ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அங்கே பாறையைத் துளைத்த கருவிகளை ஓட்டியது அழுத்திய காற்று. தாத்தா வேலை பார்த்த இடம் அந்தக் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் கூடம். அவர் அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று உண்டு. காற்றைத் திறந்துவிடுவது ஒரு கைத்திருப்பு வேலைதான். ஆனால் திறப்பதற்கு முன் குழாயின் ஒவ்வொரு மூட்டையும் பார்த்து வருவதற்குத்தான் சம்பளம் என்பார். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூடம் ஓய்ந்தது, தாத்தாவும் மறைந்தார். அவர் சொல் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. தங்கியும் சென்ற ஆண்டு நான் அதை மறந்தேன். மறந்ததை நினைவூட்டியவர், நான் முகம் கண்டிராத ஓர் ஆங்கிலப் பொறிஞர். அவர் கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

என் சித்தப்பா மகன் எனக்கு இளையவன். எங்கள் ஊர் இளைஞர் பலரைப்போல் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குச் சென்று, ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறவன். அவனிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. அதன் எஞ்சினுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்பது அவன் நெடுநாள் கனவு. எஞ்சின் தன் மூச்சால் இழுக்கும் காற்று போதாதென்று, எஞ்சினே சுழற்றும் ஓர் ஊதுபொறியால் காற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பதே சூப்பர்சார்ஜர் ஆகும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், ஆற்றலும் மிகும்.

எங்கள் ஊர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. ஆகவே தன் காருக்கு மூச்சு முட்டுகிறது என்று அவன் வாதிட்டான். இயற்பியல் முதுகலை மாணவனாகிய நானும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அழுத்தத்தை 1.6 மடங்காக்கினால் காற்றும் 1.6 மடங்கு; எனவே ஆற்றல் நூற்றுக்கு 60 கூடும் என்று எழுதிக் கொடுத்தேன். படித்த அண்ணன் எழுதியது பொய்க்குமா என்று அவன் நம்பினான். ஊதுபொறி வாங்கப் பணம் போதாமையால் சித்தியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க முடிவு செய்தான். இரண்டு தலைமுறையாகத் தங்கம் தோண்டிய குடும்பத்தில் எஞ்சியிருந்த தங்கம் அந்த ஒரு சங்கிலிதான்.

விடுதிக்குத் திரும்பிய பின்தான் நூலகத்தில் பென்ட்லியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

வால்ட்டர் ஓவன் பென்ட்லி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. மற்றச் சிறுவர்கள் பந்தோடு ஓடிய வயதில் அவர் நீராவி ரயில் எஞ்சின்களைக் கண்டு மயங்கி நின்றார். 16-ஆம் வயதில் டான்காஸ்டர் நகரில் இருந்த ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். வார்ப்படம் ஊற்றவும், உலோகத்தைக் கடையவும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் அங்கே கற்றார். ஓடும் ரயிலில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையையும் செய்தார். பிற்காலத்தில் அவர் செய்த கார்களின் எடையும் உறுதியும் ரயில் எஞ்சின்களை நினைவூட்டின என்று பலர் கூறுவதுண்டு. இளமையில் பழகிய கை எளிதில் மாறுமோ?

ரயிலை விட்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார். பின்பு 1912-இல் தம் அண்ணனுடன் கூட்டுச் சேர்ந்து, டி.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை இலண்டனில் விற்கலானார். அவை நல்ல வண்டிகள். ஆனால் வேகம் போதவில்லை. அடுத்த ஆண்டு பிரான்சிலிருந்த அத்தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசைமேல் காகிதம் பறவாமல் இருக்க வைத்திருந்த ஒரு சிறு பொருள் அவர் கண்ணில் பட்டது. அது பிஸ்டன் வடிவில் அலுமினியத்தால் வார்க்கப்பட்டிருந்தது. அன்றைய பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ ஆனவை. விளையாட்டுப் பொருளாய்க் கிடந்த இதையே எஞ்சினுக்குள் வைத்தால் என்ன என்று பென்ட்லியின் மனம் கேட்டது.

கேட்டவர்கள் நகைத்தார்கள். அலுமினியம் 660 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். இரும்போ அதனினும் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். நெருப்புக்கு நடுவில் மெழுகை வைப்பதா என்பது அவர்கள் ஐயம். இங்கேதான் பென்ட்லியின் கூர்மை விளங்குகிறது. ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தில் உருகும் என்பது ஒரு கேள்வி. தன்மேல் விழும் வெப்பத்தை அது எவ்வளவு விரைவில் கடத்திவிடும் என்பது வேறொரு கேள்வி. அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எடையோ பாதிக்கும் குறைவு. வெப்பத்தைத் தேக்கி வைக்காத பிஸ்டன் உருகும் நிலைக்கே செல்வதில்லை. நூற்றுக்கு 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்து பிஸ்டன் வார்க்கச் செய்தார். புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் அந்தச் சிறு பிரெஞ்சுக் கார் புதிய சாதனைகளை நிகழ்த்தியது. எஞ்சினின் உருவம் பெருக்கவில்லை. ஓர் உறுப்புக்கு உரிய உலோகத்தைத் தேர்ந்தார், அவ்வளவே!

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பென்ட்லி தம் பிஸ்டன் செய்தியைக் கடற்படையின் விமானப் பிரிவிடம் கொண்டு சென்றார். பிற எஞ்சின் தொழிற்சாலைகளுக்கும் சென்று அதை விளக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. அன்று பல போர் விமானங்களில் இருந்த கிளெர்ஜெ எஞ்சினின் சிலிண்டர்கள் சீராகக் குளிராமல் கோணிப்போயின. வானத்தில் எஞ்சின் நின்றால் விமானிக்கு உயிர் நிற்காது. அலுமினியச் சிலிண்டருக்குள் இரும்பு உறை பொருத்திய புதிய எஞ்சினை அவர் வடிவமைத்தார். பி.ஆர்.1 என்ற அந்த எஞ்சின் புகழ்பெற்ற சாப்வித் கேமல் விமானங்களில் பறந்தது. ஆகாயத்தில் பழுதானால் ஓரமாக நிறுத்திப் பார்க்க முடியாது என்ற பாடம் அவர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்.

போர் முடிந்தது, புகழ் வந்தது, துயரமும் வந்தது. உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்ஸா நோய் 1919-இல் அவர் இளம் மனைவி லியோனியைக் கொண்டு சென்றது. அதே ஆண்டில்தான் அவர் பென்ட்லி மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 3 லிட்டர் எஞ்சின், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் என அந்நாளில் அரிதாயிருந்த அமைப்புகளோடு அவரது முதல் கார் உருவாயிற்று. 1921-இல் வாங்குவோர் கைக்கு முதல் வண்டி சென்றது.

பிரான்சில் லெ மான் என்னும் ஊரில், 24 மணி நேரம் இடைவிடாது ஓட்டும் பந்தயம் 1923-இல் தொடங்கிற்று. பகலும் இரவும் ஒரு காரை வதைக்கும் பந்தயத்தைப் பென்ட்லி முதலில் விரும்பவில்லை. ஆனால் நேரில் சென்று கண்டதும், தன் காருக்கு ஏற்ற தேர்வுக்கூடம் இதுவே என உணர்ந்தார். 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அவருடைய கார்கள் அங்கே வெற்றி பெற்றன. பந்தயத்தில் ஓடியவை, மக்கள் வாங்கிய வண்டிகளின் உடன்பிறப்புகளே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் வெற்றி வேறு, வரவு வேறு. நிறுவனம் எப்போதும் கடனில் தத்தளித்தது. 1926-இல் உல்ஃப் பர்னாட்டோ என்ற செல்வர் பணம் போட்டு அதைத் தம் ஆளுகைக்குக் கொணர்ந்தார். அச்செல்வத்தின் ஊற்று எது தெரியுமா? அவர் தந்தை தென்னாப்பிரிக்காவில், கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் ஈட்டிய பொருள். இதைப் படித்தபோது என் கண்கள் அந்த வரியிலேயே சற்று நின்றன. பூமிக்குள் இறங்கியவன் ஒருவன். அவன் எடுத்த பொருளில் கார் ஓட்டியவன் இன்னொருவன். கோலார் தங்கமும் அவ்வாறுதானே கடல் கடந்து சென்றது!

இப்போது நம் கதையின் திருப்பத்திற்கு வருவோம். சர் ஹென்றி பர்க்கின் என்பவர் பென்ட்லி கார்களின் வீரமிக்க ஓட்டுநர், அஞ்சாநெஞ்சர், கழுத்தில் புள்ளியிட்ட பட்டுத் துண்டு பறக்க ஓட்டுபவர். பிற நாட்டுக் கார்கள் சூப்பர்சார்ஜர் துணையோடு பறப்பதைக் கண்டு, 4½ லிட்டர் பென்ட்லிக்கும் அது வேண்டும் என்றார். பென்ட்லி மறுத்தார். அதிக ஆற்றல் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டுமே அன்றி, அளவறிந்து செய்த எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது அதன் இயல்பைக் கெடுப்பதாகும் என்பது அவர் கருத்து. ஆனால் நிறுவனத்தின் கடிவாளம் அப்போது அவர் கையில் இல்லை. பர்னாட்டோ இசைந்தார், டாரதி பேஜெட் என்னும் செல்வச் சீமாட்டி பணம் தந்தார், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறிஞர் ஊதுபொறியை வடிவமைத்தார்.

அந்த ஊதுபொறி ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது. ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவில் 1860 வாக்கில் அதை அமைத்தபோது மோட்டார் காரே பிறக்கவில்லை. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதவே அது பயன்பட்டது. இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் உருண்டு காற்றை முன்னே தள்ளும். அதை எஞ்சினோடு இணைந்த உறுப்பாக அமைக்கப் பென்ட்லி இசையவில்லை. ஆகவே ரேடியேட்டருக்கும் முன்னால், கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில், யானையின் தும்பிக்கைபோல் அது துருத்திக்கொண்டு நின்றது. முன்பாரம் மிகுந்ததால் வளைவுகளில் வண்டி எளிதில் திரும்ப மறுத்தது.

என் போன்றோர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுதான். வில்லியர்ஸ் ஊதுபொறியை மட்டும் மாட்டிவிட்டு நிற்கவில்லை. கிராங்க் ஷாஃப்ட் வேறு, பிஸ்டன் வேறு, எண்ணெய் ஓட்டம் வேறு என எஞ்சினின் அடிப்பகுதியே மாறிற்று. 4,398 கன சென்டிமீட்டர் கொண்ட அந்த எஞ்சின் சாதாரணமாகத் தந்தது 110 குதிரைத்திறன். ஊதுபொறியோடு சாலை வண்டி 175-உம், பந்தய வண்டி 240-உம் தந்தன. லெ மான் விதிப்படி 50 வண்டிகள் பொதுமக்களுக்காகவும் செய்யப்பட்டன.

1930 ஜூன் மாதம் லெ மான் பந்தயம் வந்தது. ஜெர்மானிய வீரர் கராச்சியோலா ஓட்டிய 7 லிட்டர் மெர்சிடிஸ் முன்னே பறந்தது. பர்க்கின் தம் ஊதுபொறி பென்ட்லியில் துரத்தினார். சக்கரங்கள் புல்தரையில் ஏற, டயரின் மேற்பட்டை கிழிந்து பறக்க, அவர் மெர்சிடிஸை முந்தினார். கண்டவர் மெய்சிலிர்த்தனர். ஆயினும் முடிவு யாது? மெர்சிடிஸ் இரவில் பழுதாகி நின்றது. ஊதுபொறி பென்ட்லிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஊதுபொறி இல்லாத, 6½ லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லிகள் அமைதியாக ஓடி முதலிரண்டு இடங்களையும் பெற்றன.

அப்படியானால் பர்க்கின் முயற்சி வீணா? அவ்வாறு கூறுவது நடுநிலை ஆகாது. அதே ஆண்டில் பிரெஞ்சுக் கிராண்ட் பிரீ பந்தயத்தில், இலேசான பந்தயக் கார்களுக்கு நடுவில் அவர் இரண்டாவதாக வந்தார். 1932-இல் புரூக்லண்ட்ஸில் மணிக்கு 137.96 மைல் என்ற சாதனையை நிறுவினார். குறுகிய நேரத்திற்கு அந்தக் காற்று வெல்லும். நெடுநேரம் வெல்ல, காற்றைத் தாங்கும் உறுப்புகள் வேண்டும். அதற்கேற்ற உலோகமும் எரிபொருளும் குளிர்விக்கும் முறையும் அன்று முதிர்ந்திருக்கவில்லை. 1933-இல் பர்க்கின் தம் 36-ஆம் வயதில் இரத்தம் நஞ்சாகி மாண்டார்.

பென்ட்லிக்கு வந்த சோதனை வேறு வகையானது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் 1931-இல் அவர் நிறுவனம் முறிந்தது. ரோல்ஸ் ராய்ஸ், தன் பெயர் வெளியே தெரியாமல் வேறொரு நிறுவனத்தின் வாயிலாக அதை வாங்கிற்று. ஆலையோடும் பெயரோடும் பென்ட்லியும் ஒரு சொத்துப்போல் அவர்களிடம் சென்றார். தம் பெயரைத் தாங்கிய காரையே வடிவமைக்க அவருக்கு உரிமை இல்லை! 1935-இல் வெளியேறி லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்து 12 சிலிண்டர் எஞ்சினை உருவாக்கினார். 1939-இல் லெ மானில் அந்தக் கார்கள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. பிற்பாடு அவர் மேற்பார்வையில் பிறந்த 2.6 லிட்டர் எஞ்சின், ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஓடிப் புகழ் பெற்றது. பெயர் பிறர் கையில் இருந்தது. தொழில் மட்டும் அவர் கையில் இருந்தது. அதுவே போதும் என்று உழைத்தார். 1971 ஆகஸ்ட் 13-ஆம் நாள், 82-ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று அவர் பெயரில் வரும் கார்கள் பல, காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜரோடுதான் ஓடுகின்றன என்பது காலத்தின் வேடிக்கை.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த இரவு நான் உறங்கவில்லை. தம்பிக்கு எழுதிக் கொடுத்த கணக்கை மீண்டும் போட்டேன். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். முதுகலை மாணவன் மறந்திருந்தேன். 30 டிகிரிக் காற்றை 1.6 மடங்கு அழுத்தினால், குறையற்ற பொறியிலேயே அது 73 டிகிரியைத் தொடும். ரூட்ஸ் வகைப் பொறியில் 100 டிகிரியை எட்டக்கூடும். சூடேறிய காற்று விரிகிறது. ஆகவே நான் எழுதிய 60 பங்கு ஏறத்தாழ 30 பங்காகச் சுருங்குகிறது. அதிலும் ஊதுபொறியைச் சுழற்ற எஞ்சினே கூலி கொடுக்க வேண்டும். போதாததற்குச் சூடான கலவை, ஸ்பார்க் ஒழுங்காக எரித்து முடிக்குமுன் தானே வெடித்து, நாக்கிங் உண்டாக்கிப் பிஸ்டனை உடைக்கும். என் பிழையான ஒரு வரியின்மேல் சித்தியின் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது!

மறுநாளே ரயில் ஏறினேன். அவன் அடகுக் கடைக்குச் செல்வதற்கு இரு நாள் முன்னதாகச் சேர்ந்தேன். என் பிழையை ஒளிக்காமல் சொன்னேன். அவன் சினந்தான், பின் சோர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் எஞ்சினைக் கழற்றினோம். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டனில், ரிங் அமரும் விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று தெரிந்தது. இரண்டு பேரிங்குகள் தேய்ந்திருந்தன. உள்ளபடி ஓடுவதற்கே தள்ளாடிய எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க இருந்தோம்.

பிறகு ஒரு காகிதத்தில் உறுப்புகளை வரிசைப்படுத்தினோம். இம்முறை வரிசை தலைகீழாயிற்று. முதலில் பிரேக்கும் டயரும். ஏனெனில் கூடும் வேகத்தை அடக்க வேண்டியவை அவை. அடுத்து பேரிங், எண்ணெய் பம்பு, ரேடியேட்டர். அதன்பின் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன், வலுவான கனெக்டிங் ராடு, நல்ல ஹெட் கேஸ்கெட், அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள். பிஸ்டனைத் தேரும்போது அழுத்த விகிதத்தைச் சற்றுக் குறைத்துத் தேர்வது நலம். பிறகு கூடுதல் பெட்ரோல் தரும் பம்பும் இஞ்செக்டரும், ஸ்பார்க் நேரத்தைத் திருத்தும் மின்னணுக் கட்டுப்பாடும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், வழுக்காத கிளட்ச்சும். ஊதுபொறி கடைசி வரியில் நின்றது. அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதினேன். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாகச் சாலை வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் தொடக்கூடாது.

சங்கிலி சித்தியின் கழுத்திலேயே இருக்கிறது. தம்பி மாதந்தோறும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வரிசையின் மேலிருந்து ஒவ்வோர் உறுப்பாக வாங்கி வருகிறான். சென்ற மாதம் பேரிங்குகள் வந்தன. ஊதுபொறிக்கு இன்னும் நெடுந்தூரம். அவன் கனவை நான் கலைக்கவில்லை. கனவு நிற்பதற்குக் கீழே தரை போடுகிறோம்.

அன்பர்களே! பென்ட்லி ஊதுபொறியை வெறுத்தார் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் அவர் வாழ்க்கையின் பாதியைத்தான் படித்தவர்களாவோம். அலுமினியப் பிஸ்டனை ஊரே நகைத்தபோது துணிந்து ஏற்றவரும் அவரே. புதுமையைக் கண்டு அவர் அஞ்சியதில்லை. எந்தப் புதுமையையும், அதைத் தாங்க வேண்டிய உறுப்பின் பக்கம் நின்று பார்த்தார். ஊதுபவனின் பக்கத்திலிருந்து அல்ல, ஊதப்படும் குழாயின் பக்கத்திலிருந்து பார்த்தார். எங்கள் கம்ப்ரஸர் கூடத்தில் தாத்தாவும் அப்படித்தான் பார்த்தார். டான்காஸ்டருக்கும் ஸ்கெலட்டனுக்கும் இடையே கடல்கள் பல உண்டு. மூட்டுகளைப் பார்த்து வரும் மனிதர்களுக்கு இடையே தூரம் இல்லை.